சிறுகுறிஞ்சான்

சிறுகுறிஞ்சான், வெப்பமண்டலக் காடுகளிலும் வேலியோரப் புதர்களிலும் சுற்றிப் படரும் பல்லாண்டுக் கொடி. தாவரவியல் பெயர் ஜிம்னீமா சில்வெஸ்டர்; அரளியும் எருக்கும் அடங்கிய அப்போசினேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். தென்னிந்தியா, நடு இந்தியா, இலங்கை, தென்சீனா, ஆப்பிரிக்கா எனப் பரவியிருக்கிறது. இலைகள் எதிரெதிராக அமைந்தவை. இலைக்கணுக்களில் சிறு மஞ்சள் பூக்கள் கொத்தாகப் பூக்கும். காய் வெடித்ததும், பட்டிழை முளைத்த விதைகள் காற்றில் பறக்கும்.

இந்தக் கொடியின் பெயரைப் பரப்பியது அதன் இலைதான். ஓரிரு இலைகளை நன்றாக மென்று துப்பிவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலை மெல்வது போலிருக்கும். காப்பியில் எவ்வளவு சர்க்கரை போட்டாலும் கசப்பு மட்டும் தெரியும். உப்பும் புளிப்பும் மாறுவதில்லை. அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் இனிப்பு மெல்லத் திரும்பிவிடும். உதகமண்டலத்தில் அரசுப் பணியிலிருந்த வேதியியலர் டேவிட் ஹூப்பர் 1887இல் இலையை ஆராய்ந்து, இதற்குக் காரணமான ஜிம்னீமிக் அமிலத்தைப் பற்றி எழுதினார். அது ஒரே பொருளல்ல, சபோனின் எனப்படும் பல வேதிப்பொருள்களின் கலவை என்பது பின்னர் தெரிந்தது. நாக்கில் இனிப்பை உணரும் டி1ஆர்3 என்ற புரதத்தில் இவை ஒட்டிக்கொண்டு அதை முடக்குகின்றன. எலியிடம் இந்த வித்தை பலிப்பதில்லை. அதன் இனிப்புணர்வை மழுக்குவது இதே இலையிலுள்ள குர்மாரின் என்ற வேறொரு பொருள்.

சித்த மருத்துவத்தில் மதுமேகம் எனப்படும் நீரிழிவுக்கு இலைப்பொடி தரப்படுகிறது; நாட்டுமருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 22 பேர் வழக்கமான மாத்திரைகளோடு நாளுக்கு 400 மில்லிகிராம் இலைச்சாரத்தை 18 முதல் 20 மாதங்கள் வரை உட்கொண்டனர். இரத்தச் சர்க்கரை குறைந்தது. ஐவரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. ஆனால் 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வும் அல்ல. குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது, இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிறது என்ற விளக்கங்கள் பெரும்பாலும் விலங்குச் சோதனைகளையும் ஆய்வகச் சோதனைகளையும் நம்பியிருக்கின்றன. நாக்கில் நடப்பது உறுதியான அளவுக்கு இரத்தத்தில் நடப்பது உறுதிப்படவில்லை.

இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் இதையும் சேர்த்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். இதை உட்கொண்ட ஒருவருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டதாக 2010இல் மருத்துவ இதழொன்றில் பதிவாகியுள்ளது. காப்ஸ்யூலாக விழுங்குபவருக்கு நாக்கில் மாற்றம் ஏதும் தெரியாது. இனிப்பின் மேல் உள்ள ஆசையைக் கட்டுப்படுத்த விரும்புபவருக்கு அது நாக்கில் பட்டாக வேண்டும்.