கல்லில் உறையும் கொலை வழக்கு

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் திருக்கோயில் உள்ளது. வீராணம் ஏரியின் அண்மையிலுள்ள இவ்வூர் சோழர் காலத்தில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்தது. மர்மச் சிறுகதை எழுத விழையும் நம் வட்டத்து இளைஞர்கள் மேனாட்டுக் கதைகளைத் துருவுமுன் இக்கோயிற் கல்வெட்டு ஒன்றைப் படித்தல் வேண்டும்.

இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 987 அளவில் பொறிக்கப்பட்டது அது. பாண்டியன் தலை கொண்ட ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், மற்றொரு தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோரைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. கொலை நடந்ததோ ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னர். இடையில் ஆண்டவர் உத்தம சோழர். இந்த இடைவெளிதான் ஆய்வாளர்களைப் பிரித்தது. நீலகண்ட சாஸ்திரியார் உத்தமர்மீது ஐயம் கொண்டார்; சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். உத்தமரின் மகன் இராசராசன் ஆட்சியில் உயர்பொறுப்பு வகித்தமையையும் ஈண்டு நினைக்கவேண்டும். தமையனைக் கொன்றவரின் மகனை எவரேனும் அருகில் வைத்துக்கொள்வரோ?

பட்டப்பெயர்களைப் பாருங்கள். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். இருமுடிச்சோழன் என்பதோ சோழப் பெயர். ஒரே வீட்டில் இரு பட்டங்கள்! கதாசிரியனுக்கு இதைவிட நல்ல தடயம் கிடைப்பது அரிது. ஆயினும் பாண்டியச் சதி என்று உடனே முடிவு கட்டுவது அவசரமே. பாண்டியரை வென்ற சோழரும் அப்பெயரைப் பட்டமாக வழங்கியிருக்கலாம்.

கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனைத் தொடராக எழுதி, கொலையாளி யாரென்பதில் ஐயத்தை விட்டே வைத்தார். அது பெருநாவலின் வசதி. பத்துப் பக்கச் சிறுகதை அரியணைப் போட்டியைத் தாங்காது. யார் கொன்றார் என்னும் வினாவையே அது விட்டுவிடுதல் நலம். மேலும், நந்தினி கற்பனைப் பாத்திரம் என்பதை மறந்து, அவளுக்குக் கல்வெட்டுச் சான்று கேட்போரை இன்றும் காண்கிறோம். கல்லில் உள்ளதை மாற்றாமலும், இல்லாததை உண்டெனச் சாதிக்காமலும் எழுதுவது எளிதன்று.

சிறுகதைக்குரிய புதிர் கல்வெட்டின் பிற்பகுதியில் இருக்கிறது. துரோகிகளின் உடைமை மட்டுமன்றி, உடன்பிறந்தார், மக்கள், தாயார், மாமன்மார், அவ்வீட்டுப் பெண்களை மணந்தோர் ஆகியோரின் உடைமைகளும் பறிமுதலாயின. கொட்டையூரையும் புள்ளமங்கலத்தையும் சேர்ந்த இருவர் கண்காணிக்க, ஊர்ச்சபை அதனை நிறைவேற்ற வேண்டும் என்பது அரசாணை. பெண் எடுத்த குற்றத்துக்காக நிலம் இழந்த மருமகன் ஒருவன் இருந்திருப்பான் அல்லவா? தனக்கும் அவ்வீட்டுக்கும் உறவே இல்லையென அவன் சபைமுன் வாதிட்டால், அந்த இரு அதிகாரிகளும் உண்மையை எவ்வாறு துருவி அறிவர்? திருமணத்துக்குச் சாட்சி யார்? அவனைக் காட்டிக்கொடுத்தால் யாருக்கு ஆதாயம்? கொலையாளிகள் அந்தணர் என்பதைக்கொண்டு இக்காலத்தில் ஒரு குலத்தையே குற்றம் சாட்டுவோரும், அதை மறுக்கவென்றே எழுதுவோரும் இந்த மருமகனைக் கண்டுகொள்வதில்லை.

பறிமுதலான நிலத்தைச் சபையிடமிருந்து ஒருவர் விலைக்கு வாங்கி, கோயிலில் உணவு அளிக்கும் அறத்துக்கு வழங்கினார். வாங்கியவர் பெயர் கல்லில் உண்டு, விலை உண்டு. நிலம் இழந்த வீட்டுப் பெண்கள் எங்குச் சென்றனர் என்பது அதில் இல்லை.