ஒரு சொல்லும் மூன்று சொற்களும்: புவேர்ட்டோ ரிக்கோ பெயர்பெற்ற வரலாறு

மொழிபெயர்ப்புப் பயிலும் மாணவரை முதலில் இடர்ப்படுத்துவது பொருள் தெரியாத சொல்லன்று. பல பொருள் தெரிந்த சொல்லே. ஆங்கிலத்தில் 'கார்னர்' என்பது ஒரு சொல். அதனை ஸ்பானிய மொழிக்குக் கொண்டு செல்பவர், தெருவில் நின்று காணும் வெளிமுனையா, அறைக்குள் இருந்து காணும் உள்மூலையா என்று கேட்டே ஆகவேண்டும். முன்னது 'எஸ்கினா', பின்னது 'ரின்கோன்'. 'டைம்' என்பதோ காலம், மணி, தடவை என மூன்றாகப் பிரிந்து, முறையே 'தியெம்போ', 'ஓரா', 'வெஸ்' என வெவ்வேறு சொற்களைப் பெறும். 'ஃப்ரீ' என்பது கட்டணமில்லாததாயின் 'கிராத்திஸ்', கட்டுப்பாடில்லாததாயின் 'லிப்ரே'. தெருமுனை, அறைமூலை என்று பிரித்து வழங்கும் தமிழர்க்கு இவை வியப்பளிப்பன அல்ல.

இத்தகைய சொற்களில் தவறு நேர்ந்தால் வகுப்பறையில் சில மதிப்பெண்கள் குறையும், அதனோடு தீரும். ஒரு மக்கட் சமூகத்தின் அரசியல் நிலையையே ஒரு பலபொருட்சொல் சுட்ட நேர்ந்தால் என்ன ஆகும்? அதற்கு வரலாறு தரும் விடைகளுள் தெளிவானது புவேர்ட்டோ ரிக்கோ என்னும் கரிபியத் தீவின் விடை. 1952ஆம் ஆண்டு அத்தீவு ஆங்கிலத்தில் ஒரு சொல்லாலும் ஸ்பானிய மொழியில் மூன்று சொற்களாலும் பெயரிடப்பட்டது. அந்த ஒன்றும் அம்மூன்றும் ஒன்றுதானா என்னும் வினா இன்றளவும் ஓயவில்லை. இவ்வுரையில் நாம் ஆராயப் புகுவது அவ்வினாவையே.

'காமன்வெல்த்' என்னும் சொல்

அந்த ஆங்கிலச் சொல் 'காமன்வெல்த்'. பொதுநலம் என்பதே அதன் வேர்ப்பொருள். இங்கு 'வெல்த்' என்பது செல்வத்தைக் குறிப்பதன்று. நல்வாழ்வைக் குறிக்கும் பழைய வழக்கு. பொதுநலத்தைக் குறித்த சொல், நாளடைவில் பொதுநலத்திற்காக அமைந்த அரசையும் குறிக்கலாயிற்று. 1649இல் மன்னர் முதலாம் சார்லஸ் கொல்லப்பட்ட பின் மன்னரில்லா இங்கிலாந்து இப்பெயரைச் சூடிக்கொண்டது. மாசசூசெட்ஸ், பென்சில்வேனியா, வர்ஜீனியா, கென்டக்கி ஆகிய நான்கு அமெரிக்க மாநிலங்கள் இன்றும் தம்மை இவ்வாறே அழைத்துக்கொள்கின்றன. ஆறு குடியேற்றங்கள் ஒன்றிணைந்து 1901இல் உருவான ஆஸ்திரேலியக் கூட்டரசின் அதிகாரப் பெயரிலும் இச்சொல் உண்டு. பின்னர் பிரிட்டிஷ் பேரரசின் வழிவந்த நாடுகளின் கூட்டமைப்புக்கும் இதுவே பெயராயிற்று. மலாயா 1957இலும் சிங்கப்பூர் 1965இலும் அதில் உறுப்பியம் பெற்றதால் நமக்கு நன்கு தெரிந்த பொருள் இதுவே. சிங்கப்பூரில் ஒரு குடியிருப்பு வட்டாரமும் ஒரு பெருவிரைவு ரயில் நிலையமும் இப்பெயரைத் தாங்கி நிற்கின்றன.

ஆக, மன்னரில்லாக் குடியரசு, ஒன்றியத்தின் உறுப்பு மாநிலம், கூட்டரசு, தன்னுரிமை நாடுகளின் கூட்டமைப்பு ஆகிய நான்கையும் இந்த ஒரே சொல் தாங்குகிறது. இறைமை உள்ள நாட்டுக்கும் அது பொருந்தும். இறைமை இல்லாத பகுதிக்கும் பொருந்தும்.

இரு தீவு நாடுகள், ஒரே சொல்

1898இல் ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. அவ்வாண்டு ஜூலை 25ஆம் நாள் அமெரிக்கப் படை புவேர்ட்டோ ரிக்கோவின் குவானிக்கா கடற்கரையில் இறங்கியது. டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதன்வழி புவேர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பீன்ஸ் ஆகியன அமெரிக்காவின் கைக்கு மாறின. பிலிப்பீன்ஸுக்காக மட்டும் 20 மில்லியன் டாலர் ஸ்பெயினுக்குக் கொடுக்கப்பட்டது.

பல தலைமுறைகளாக ஸ்பானிய மொழி பேசிய கரிபியத் தீவு, ஆங்கிலம் பேசும் அரசின் கீழ் வந்தது. புதிய ஆட்சியர் தீவின் பெயரையே தம் நாவுக்கேற்பப் 'போர்ட்டோ ரிக்கோ' என எழுதினர். உரிய எழுத்துக்கூட்டலை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 1932இல்தான் மீட்டளித்தது. பள்ளிகளில் எம்மொழியில் கற்பிப்பது என்ற கொள்கை பலமுறை மாறியது. 1949இல்தான் ஸ்பானிய மொழி எல்லா நிலையிலும் பயிற்றுமொழியாகி, ஆங்கிலம் கட்டாயப் பாடமாக நிலைபெற்றது. அரை நூற்றாண்டுக் காலம், தாய்மொழியில் கற்பதா என்பதே அத்தீவின் ஆசிரியர்க்கு விடை மாறிக்கொண்டிருந்த வினாவாக இருந்தது.

சட்டநிலையும் தெளிவாக இல்லை. தீவிலிருந்து நியூயார்க் துறைமுகத்திற்கு வந்த ஆரஞ்சுப் பழங்களுக்குச் சுங்கவரி உண்டா என்று ஒரு வழக்கு எழுந்தது. 1901இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், அத்தீவு அமெரிக்காவுக்கு உரியதே ஆயினும் அமெரிக்காவின் பகுதியன்று என்ற கருத்தில் முடிவு கண்டது. 1917இல் தீவினர்க்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. எனினும், தீவில் வாழும் வரை அவர்கள் அமெரிக்க அதிபர் தேர்தலில் வாக்களிக்க இயலாது.

மற்றொரு பக்கம், பிலிப்பீன்ஸுக்குப் பத்தாண்டு இடைக்கால ஆட்சிக்குப் பின் விடுதலை என 1934இல் சட்டம் இயற்றப்பட்டது. 1935இல் தொடங்கிய அந்த இடைக்கால ஆட்சிக்கு ஆங்கிலத்தில் இடப்பட்ட பெயரும் 'காமன்வெல்த்' என்பதே. ஸ்பானிய மொழியில் அது 'மன்கோமுனிதாத்' என வழங்கப்பட்டது. பல ஊர்களோ மாகாணங்களோ ஒரு பொதுப்பணிக்காகக் கூடி அமைக்கும் அமைப்பைக் குறிக்கும் சொல் அது. ஸ்பெயினில் கட்டலோனியாவின் நான்கு மாகாணங்கள் 1914இல் இணைந்தபோது அதே சொல்லின் கட்டலான் வடிவமே பெயராயிற்று. பிலிப்பீன்ஸில் இந்தப் பெயர் நெடுநாள் நிலைக்க வேண்டியிருக்கவில்லை. 1946 ஜூலை 4ஆம் நாள் அந்நாடு விடுதலை பெற்றுக் குடியரசாயிற்று. இடைக்காலப் பெயரும் உதிர்ந்தது.

புவேர்ட்டோ ரிக்கோவுக்கு அத்தகைய காலக்கெடு ஏதும் விதிக்கப்படவில்லை. ஆதலின் அங்குச் சூட்டப்படும் பெயர் நிலையான பாரத்தைச் சுமக்க வேண்டியிருந்தது.

22ஆம் தீர்மானம்

தீவின் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆளுநர் லூயிஸ் முன்யோஸ் மரின். கவிஞராகவும் இதழாளராகவும் விளங்கியவர். இளமையை அமெரிக்காவில் கழித்ததால் இருமொழியிலும் தேர்ந்தவர். தீவு தனக்கென ஓர் அரசமைப்புச் சட்டம் எழுதிக்கொள்ள வழிசெய்யும் சட்டத்தைக் காங்கிரஸ் 1950இல் நிறைவேற்றியது. அதனை ஏற்காத தேசியவாதிகள் அவ்வாண்டு அக்டோபரில் கிளர்ந்தெழுந்தனர். விடுதலை கோரிய கட்சி, அரசமைப்பு மன்றத்திற்கான தேர்தலைப் புறக்கணித்தது. 92 உறுப்பினர் கொண்ட மன்றம் 1951இல் கூடியது.

புதிய ஆட்சியமைப்புக்கு என்ன பெயரிடுவது? 1952 பிப்ரவரி 4ஆம் நாள் மன்றம் நிறைவேற்றிய 22ஆம் தீர்மானம் இதற்கு விடையளித்தது. மொழிபெயர்ப்பு மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஆவணம் அது. ஒரு சட்டமன்றத் தீர்மானம் அகராதிப் பதிவு போல் எழுதப்பட்டிருப்பது அரிது.

தீர்மானத்தின் வாதத்தை நம் சொற்களில் சுருக்குவோம். 'காமன்வெல்த்' என்னும் ஆங்கிலச் சொல், மக்களிடமே அதிகாரம் தங்கியுள்ள ஓர் அரசையும், அவ்வரசு பெரியதோர் அமைப்புடன் பிணைந்திருப்பதையும் ஒருங்கே குறிக்கிறது. இதற்கு நிகரான தனிச்சொல் ஸ்பானிய மொழியில் இல்லை. ஆகவே அரசு, உரிமை, இணைப்பு ஆகிய மூன்று கருத்துகளுக்கும் மூன்று சொற்கள் வேண்டும். அவையே 'எஸ்தாதோ லிப்ரே அசோசியாதோ'. இப்பெயர் தீவினர்க்குப் புதியதன்று. 1922இலேயே அரசியல் கோரிக்கையாக எழுந்திருந்தது.

இதுவரை வாதம் முறையாகவே செல்கிறது. பலபொருட்சொல்லைப் பகுத்து, கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் தருவது மொழிபெயர்ப்பாளர் அறிந்த நெறியே. அடுத்து வரும் கூற்றுதான் நம்மை நிறுத்துகிறது. இம்மூன்று ஸ்பானியச் சொற்களையும் நேருக்கு நேர் ஆங்கிலத்தில் பெயர்த்து எழுதலாகாது என்கிறது தீர்மானம். அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'ஸ்டேட்' என்றால் ஒன்றியத்தின் உறுப்பு மாநிலம் என்றே கொள்வர். புவேர்ட்டோ ரிக்கோ அத்தகைய மாநிலமன்று என்பதே அதற்குக் காட்டிய காரணம்.

காரணம் உண்மையே. ஆயினும் அதன் விளைவை நாம் நோக்க வேண்டும். மொழிபெயர்ப்பு சரியா என ஆராய, பெயர்த்ததை மூலமொழிக்கே திருப்பிப் பெயர்த்துப் பார்ப்பது பழகிய முறை. இங்கோ அச்சோதனை தீர்மானத்தாலேயே விலக்கப்பட்டது. தீவின் மக்கள் தம் மொழியில் 'அரசு' என்றும் 'லிப்ரே' என்றும் கேட்டனர். வாஷிங்டனில் இருந்தோர் தமக்குப் பழகிய, எதற்கும் பொருந்தும் ஒரு சொல்லைக் கேட்டனர்.

இரு அவைகள், இரு பொருள்கள்

1952 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் ஐந்தில் நான்கு பங்கினர் அரசமைப்புச் சட்டத்தை ஏற்றனர். மக்கள் ஏற்ற பின்னும் அதில் திருத்தம் கோரும் அதிகாரம் காங்கிரஸிடம் இருந்தது. கல்வி, வேலை முதலிய சமூக உரிமைகளைப் பேசிய ஒரு பிரிவை அது நீக்கச் செய்தது. ஜூலை 25ஆம் நாள், அமெரிக்கப் படை இறங்கிய அதே நாளில், புதிய ஆட்சியமைப்பு நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, புவேர்ட்டோ ரிக்கோவைத் தன்னாட்சியற்ற பகுதிகளின் நிரலிலிருந்து விடுவித்தது. ஆதரவு 26, எதிர்ப்பு 16, நடுநிலை 18 என்ற எண்ணிக்கை, உலக நாடுகளும் ஒருமனத்துடன் இல்லை என்பதைக் காட்டுகிறது.

பெயரின் மூன்று சொற்களும் தீவின் அரசியலில் அன்றாட வழக்காயின. அரசுமன்று, உரிமையுடையதுமன்று, இணைந்ததுமன்று எனக் குறைகூறுவோர் அம்மூன்றையும் ஒவ்வொன்றாக மறுத்துப் பேசினர். ஆதரவாளரோ, இரு தரப்பும் மனமொப்பிச் செய்த உடன்படிக்கை அதுவென்றும், தாய்மொழியும் பண்பாடும் அதனால் காக்கப்பட்டன என்றும் விடையிறுத்தனர். 1998இல் தீவின் நிலைபற்றிய வாக்கெடுப்பு ஒன்று நடந்தது. வாக்குச் சீட்டில் 'காமன்வெல்த்' வரையறுக்கப்பட்ட விதத்தை அதன் ஆதரவாளரே ஏற்கவில்லை. முடிவில், 'மேற்கண்டவற்றுள் எதுவுமில்லை' என்னும் தெரிவு பாதிக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளைப் பெற்றது. சொல்லின் பொருளில் உடன்பாடில்லாதபோது வாக்கும் பொருள் சொல்லாது போயிற்று.

இறுதியில் பொருள் கூறியது நீதிமன்றம். ஒரே குற்றத்திற்காகத் தீவின் அரசும் அமெரிக்க அரசும் தனித்தனியே வழக்குத் தொடரலாமா என்னும் வினா 2016இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. தொடரலாகாது, தீவின் அதிகாரத்திற்கு இறுதி ஊற்று காங்கிரஸே என்று நீதிமன்றம் ஜூன் மாதத்தில் தீர்ப்பளித்தது. அதே மாத இறுதியில், கடனில் ஆழ்ந்திருந்த தீவின் நிதியை மேற்பார்வையிட எழுவர் கொண்ட வாரியம் அமைக்கும் சட்டம் பிறந்தது. அவ்வாரியத்தைத் தீவினர் 'ஹுன்தா' என்றே அழைக்கின்றனர். ஸ்பானிய மொழியில் அச்சொல் குழு, வாரியம் என்னும் பொதுப்பொருளையும் தரும். அதிகாரத்தைக் கைப்பற்றிய ஆட்சிக்குழு என்னும் பொருளையும் தரும். இம்முறை, பலபொருட்சொல்லின் இரு பொருளையும் தெரிந்தே பயன்படுத்தியவர்கள் மக்கள்.

நம் மொழியில் எவ்வாறு சொல்வோம்?

இப்பெயரைத் தமிழில் தருமாறு ஒரு மாணவர் கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்? 'எஸ்தாதோ' என்பதை 'மாநிலம்' எனலாமா? எனின், அமெரிக்க ஒன்றியத்தின் உறுப்பென்று ஆகிவிடும். 'நாடு' எனின், இறைமை உண்டெனத் தோன்றும். மலாய் மொழியும் 'நெகிரி', 'நெகாரா' எனப் பிரித்தே பேசுவதால் அங்கும் இதே தடுமாற்றம். 'லிப்ரே' என்பதற்குச் 'சுதந்திர' எனலாமா? ஸ்பானிய மொழியில் 'லிபெர்தாத்' வேறு, 'இன்தெபென்தென்சியா' வேறு. நம் 'சுதந்திரம்' அவ்விரண்டையும் தழுவும். 'சுதந்திர நாடு' என்று எழுதினால், அத்தீவு எதனை அடையவில்லையோ அதனை அடைந்ததாகத் தமிழ் வாசகர் கொள்வர். ஆங்கிலச் சொல்லின் பன்முகத்தைக் குறைகூறிய நாம், நம் சொல்லின் பன்முகத்தில் அவ்வாறு இடறி விழுவோம்.

ஆதலின் பெயரை ஒலிபெயர்த்துத் தந்து, 'அமெரிக்க இறைமைக்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதி' என விளக்கம் சேர்ப்பதே தக்கது என்பது நம் கருத்து. அது பெயருக்கு மொழிபெயர்ப்பன்று; பெயரால் குறிக்கப்பட்ட நிலைக்கு விளக்கம். இரண்டையும் வேறாக வைத்தால் வாசகர் ஏமாறார்.

1952இல் பெயரிட்டோரை நாம் வஞ்சகர் என்று கொள்ள வேண்டியதில்லை. தாம் செய்வது இன்னதென்று தீர்மானத்திலேயே வெளிப்பட எழுதிவைத்தவர்கள் அவர்கள். பெயர் உறுதியளித்த அளவுக்கு நிலைமை மாறவில்லை. அந்த இடைவெளியைச் சொல்லால் நிரப்ப இயலவில்லை. பலபொருட்சொல் ஒன்றை மாணவர் மொழிபெயர்க்கும்போது, எந்தப் பொருள் பொருந்தும் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. பெயர்த்த சொல்லைத் திருப்பிப் பெயர்த்தால் மூலத்தைப் பேசியவர் அதை ஏற்பாரா என்றும் கேட்கப் பழக்க வேண்டும். ஏற்கமாட்டார் எனின், ஏன் ஏற்கமாட்டார் என்பதை அறிந்த பின்னரே எழுதுகோலை எடுக்க வேண்டும்.