தேவாரம் நாட்றம்பள்ளிக்கு வந்த வழி

சென்னையினின்றும் பெங்களூர் செல்லும் பெருவழியில், வாணியம்பாடிக்கு மேற்கே, ஏலகிரி மலைக்கு அணித்தாக உள்ளது நாட்றம்பள்ளி. 2019 நவம்பர் 28-இல் வேலூர் மாவட்டத்தினின்றும் பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில் ஒரு வட்டத்திற்குத் தலைமையூர் அது. (டகர ஒற்றின்பின் றகரம் வருதல் நன்னூலார்க்கு உடன்பாடன்று, ஊரார் நாவிற்கு அஃதொரு தடையாயிற்றில்லை.) தமிழோடு தெலுங்கும் உருதுவும் வழங்கும் எல்லைப்புறம். அப்பக்கத்துச் சிற்றூர்களினின்றும் ஆடவரும் மகளிரும் வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய இடங்களிலுள்ள தோல் பதனிடும் சாலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் வைகறையிற் பேருந்தேறிச் செல்வர். அப்பேருந்தில் ஒருவர் கைப்பேசியின் ஒலிக்கருவியைக் காதிற் செருகித் திருஞானசம்பந்தர் பதிகமொன்றைக் கேட்டுச் செல்வாராயின், அதனை இன்று வியப்பார் ஒருவருமிலர். வியத்தற்குரியது அதுவே என்பது எம் கருத்து.

எங்ஙனமெனிற் கூறுதும். நாட்றம்பள்ளிப் பக்கத்திற் பாடல்பெற்ற தலம் ஒன்றுமில்லை. கிழக்கே பாலாற்று வெளியிற் சென்றால் திருவல்லம், தெற்கே திருவண்ணாமலை. இரண்டும் ஒருநாள் நடையில் எட்டாதன. தேவாரத்தைப் பண்ணோடு பாடும் ஓதுவார் பெரும்பாலும் பெருந்தலங்களையும் திருமடங்களையும் சார்ந்தே வாழ்ந்தமையால், இத்தகைய எல்லையூர்களில் ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு பதிகத்தை முழுதும் இசையோடு கேட்டல் அரிதாயிருந்தது. அவ்வருமை நீங்கிய வரலாறு ஆயிரம் ஆண்டு நீளமுடையது.

திருமுறைகண்ட புராணம் கூறுவதை அன்பர் அறிவர். மூவர் பதிகங்கள் தில்லையில் ஓர் அறையிற் பூட்டப்பட்டுக் கிடந்தன. அபயகுலசேகரன் என்னும் சோழவேந்தன் (இவனை முதல் இராசராசன் என்பர் ஆராய்ச்சியாளர் பலர்) திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியோடு சென்று கேட்க, மூவரும் வந்தாலன்றிக் கதவு திறவாது என்றனர் தில்லைவாழந்தணர். மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளுவித்துக் கதவு திறந்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி, எஞ்சியன கொண்டனர். மூவரும் பாடியன முறையே பதினாறாயிரம், நாற்பத்தொன்பதாயிரம், முப்பத்தெண்ணாயிரம் பதிகங்கள் என்பது மரபு. நம் கைக்கு வந்தன எண்ணூற்றிற்குச் சற்றுக் குறைவு. தொகையை அவ்வாறே கொள்ளினும் கொள்ளாவிடினும் ஒன்று தெளிவு: பூட்டிய கதவு கள்வரைத் தடுத்தது, கரையானைத் தடுத்திலது. படிகள் பல ஊர்களிற் பரவியிருப்பின் ஓரறைப் புற்று இத்துணைக் கேடு செய்திராது.

இக்கதையின் பிற்பகுதியே எமக்கு இன்னும் அரியதாகத் தோன்றுகின்றது. ஏடு கிடைத்தது, பண் கிடைத்திலது. எழுத்தை வாசிக்கவல்லார் பலர் இருந்தும் இன்ன பதிகம் இன்ன இசையிற் செல்லும் என்று பாடிக்காட்ட ஆளில்லை. அதன்பொருட்டுத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியைத் திருஎருக்கத்தம்புலியூரிற் கண்டு, அவர் வாயிலாகப் பண் வகுத்தனர் என்று புராணம் கூறும். பாடல் ஓலையில் இருந்தது; இசை ஓர் உயிரின் நினைவில் இருந்தது.

கல்லும் ஓரளவு காத்தது. எந்த ஏட்டிலும் காணப்பெறாத திருவிடைவாய்ப் பதிகம் 1917-இற் கல்வெட்டினின்றும் வெளிப்பட்டது. பின்னர் அச்சு வந்தது. இந்நாட்டார் அச்சுக்கூடம் வைத்தற்கிருந்த தடை 1835-இல் நீங்க, காஞ்சிபுரம் சபாபதி முதலியார் 1864-ஆம் ஆண்டு முதல் தேவாரத்தைப் பதிப்பித்தார். ஏடு தேடி மடத்துவாயிலில் நின்றோர் கடையில் நூல் வாங்கலாயினர். எழுத்தறியாதார்க்கோ அது பூட்டிய கதவாகவே இருந்தது.

அவர்க்கும் பயன்பட்டது இசைத்தட்டு. 1908-இற் கல்கத்தாவில் இசைத்தட்டுத் தொழிற்சாலை அமைந்தது. 1938-இற் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன. ஆயின் அந்நாளைத் தட்டின் ஒருபுறம் மூன்று நிமிடமளவே ஓடும். பதினொரு பாடல் கொண்ட பதிகம் அதில் அடங்குமாறு யாங்ஙனம்? முதற்பாடலும் அடுத்ததொன்றும் பாடி நிறுத்துவர். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாடலில் இராவணன் வருதலும், ஒன்பதாவதில் மாலும் அயனும் தேடிக் காணாமையும், இறுதியில் ஆசிரியர் தம் பெயரோடு பயன்கூறும் திருக்கடைக்காப்பும் பெருவழக்கு. தட்டுவழித் தேவாரம் கேட்ட தலைமுறையார்க்கு அவ்வமைப்பு முழுதும் கேள்வியில் இல்லாதொழிந்தது. முதலடி தெரிந்து முடிவறியாத அன்பர் நம்மிடைப் பலராயிருத்தற்கு ஊசியின் ஓட்டமும் ஒரு காரணம் என்னலாம்.

இணையம் பொதுமக்கட்கென இந்தியாவிற் புகுந்தது 1995 ஆகஸ்டு 15. முதலில் அதனால் நாட்றம்பள்ளிக்கு ஆயது ஒன்றுமில்லை; பொருளுடையார்க்கும் நகரத்தார்க்கும் உரிய கருவியாகவே அஃதிருந்தது. ஆயினும் தொலைவிலிருந்த தமிழர் சிலர் அப்போதே வேலை தொடங்கினர். 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ச்சுனனும் மதுரைத் திட்டத்தைத் தோற்றுவித்தனர். ஊதியம் பெறாத அன்பர் பலர் பல நாடுகளிலிருந்து தமிழ்நூல்களைத் தட்டச்சு செய்து, பிழைதிருத்தி, விலையின்றி வழங்கினர். திருமுறைகளும் அவற்றுள் அடங்கும். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. தருமபுர ஆதீனத்து உரைகளோடு பன்னிரு திருமுறைகளின் பதினெட்டாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்களும் ஓர் இணையதளத்திலேறின. தருமபுரம் சுவாமிநாதன் முதலிய ஓதுவார் பாடிய பதிகங்களும் இணையத்தில் ஒலிக்கலாயின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து கட்டணம் வீழ்ந்தபின்னரே இவையெல்லாம் தோற்சாலைத் தொழிலாளர் கைக்கு வந்தன.

இங்கும் கரையான் இல்லாமலில்லை. தொடக்கத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துருக் குறியீட்டிற் தமிழைப் பதித்தமையின், ஒருவர் இட்ட பாடல் மற்றொருவர் கணினியிற் பொருளற்ற கீற்றுகளாய்த் தோன்றிற்று. ஒருங்குறி பரவியபின், பழைய பக்கங்களை ஒவ்வொன்றாய் மாற்றி எழுதியோர் இருந்தமையால் பல பிழைத்தன. மாற்றுவாரின்றிக் கெட்டனவும் உண்டு. புற்றினை நீக்க எண்ணெய் சொரிந்த தொழிலே மீண்டும் நிகழ்ந்தது.

நாட்றம்பள்ளிக்குச் சிறப்பாகக் கூறத்தக்கது ஒன்றுளது. மேற்சொன்ன தளத்தில் ஒரே பாடலைத் தெலுங்கு, கன்னடம், தேவநாகரி முதலிய எழுத்துக்களிலும் காணலாம். இல்லிற் தெலுங்கு பேசி, தமிழெழுத்திற் பழக்கங்குறைந்த முதுமகள் ஒருத்திக்குப் பேரன் கைப்பேசியை நீட்டினால், அவள் அப்பரைத் தன் எழுத்திற் படிக்கலாம். எந்தத் திருமடமும் எந்த அச்சகமும் எல்லைப்புறத்திற்கு இதனை முன்பு செய்ததாக யாம் அறியேம்.

இனி, வாராதது யாது? திருத்தும் செவி. ஓதுவார்முன் இருந்து பாடுவோன் கொல்லியை நவரோசாகவும் மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியாகவும் பிடித்துச் செல்கையில் ஓரிடத்து வழுவினால் ஆசிரியர் கை உயரும். கருவியோ நாம் பிழைபாடினும் தன்போக்கிற் பாடிச்செல்லும். மேலும், எளிதிற் கிடைக்கும் ஒருவர் இருவர் குரலையே யாவரும் கேட்டுப் பழகுதலின், ஆசிரியர்தோறும் வேறுபட்டிருந்த பாடுமுறைகள் மங்கிவருகின்றன. காணொளி வாயிலாகக் கற்பிப்போர் இன்று உளர். அவர் தொலைவிலிருந்தேனும் கையுயர்த்துவர். இதனை யாம் பெரிதும் போற்றுகின்றோம். ஆயின் கேட்போர்க்கு விலையின்றி வரும் இசையைப் பாடுவோர் உண்பது யாது என்னும் வினா எஞ்சுகின்றது. ஒலிபெருக்கியிற் பதிவை முழக்கிவிட்டு, ஓதுவார் எற்றுக்கு என்று கேட்கும் கோயில்களை யாமே கண்டிருக்கின்றோம்.

முதல் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யப் பிடாரர் நாற்பத்தெண்மரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் நியமித்து, ஆளுக்கு நாடோறும் முக்குறுணி நெல் வழங்கினான் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. அவருள் ஒருவர் இறப்பினும் ஊரைவிட்டு நீங்கினும் அவர்க்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடல் வேண்டும். அவர்க்குப் பாடும் தகுதி இல்லையாயின் தகுதியுடைய பிறரைப் பாடச்செய்தல் வேண்டும். உறவினரே இல்லாதவிடத்துப் பாடுவோராகிய ஏனையோர் தாமே தக்காரைத் தேர்ந்து அவ்விடத்தை நிரப்பல் வேண்டும் என்றும் அக்கல்லில் வெட்டியிருக்கின்றது.