பூமி: கர்நாடக நிலக் கணக்கு கணினிக்கு வந்த கதை

அரசு அலுவலகத்தில் கணினி வாங்கி வைப்பது எளிது. அது எதற்காக என்று முடிவு செய்வதுதான் கடினம். கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் இதற்கு நல்ல உதாரணம்.

கர்நாடக விவசாயிக்கு உயிர்நாடியான காகிதம் 'பஹணி'. நம்மூர்ச் சிட்டா, அடங்கல் போன்றது. நிலம் யாருடையது, எவ்வளவு பரப்பு, என்ன பயிர் என்பதெல்லாம் அதில் இருக்கும். பயிர்க்கடனுக்குப் போனால் வங்கியில் முதலில் கேட்பது இதைத்தான். இந்தப் பதிவேடுகள் சுமார் 9,000 கிராமக் கணக்கர்களின் கையில் இருந்தன. கணக்கர் ஊரில் இல்லையென்றால் நகல் கிடைக்காது. இருந்தாலும் கையில் ஏதாவது வைத்தால்தான் வேலை நடக்கும். அவர் ஒரு பெயரை மாற்றி எழுதிவிட்டால் விவசாயிக்குத் தெரியவும் வழியில்லை.

1991 இல் குல்பர்கா மாவட்டத்தில் முதல் கணினி முயற்சி நடந்தது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. தகவல்களை ஏற்றினார்கள். ஆனால் கணக்கர் பழையபடி கையாலேயே நகல் எழுதிக் கொடுத்துவந்தார். நிலம் கைமாறினால் அவருடைய நோட்டில் மாறும், கணினியில் மாறாது. விரைவிலேயே கணினியில் இருந்தது செல்லாத கணக்காகிவிட்டது. கலெக்டர் அலுவலகத்தில் இருந்த அந்தப் பெட்டியால் கிராமத்தானுக்கு என்ன லாபம்?

வருவாய்த் துறை அதிகாரி ராஜீவ் சாவ்லாவின் பொறுப்பில் வந்த 'பூமி'யின் குறிக்கோள் வேறு: கணக்கரின் ஏகபோகத்தை உடைப்பது. தேசிய தகவல் மையம் மென்பொருள் எழுதியது. சுமார் 67 லட்சம் விவசாயிகளின் 2 கோடி பதிவுகள் ஏற்றப்பட்டன. 177 தாலுகாக்களில் கவுண்ட்டர் திறந்து, நகலுக்கு 15 ரூபாய் என்று வைத்தார்கள். பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசையில்தான் எடுக்க முடியும். ஊழியர் விரல்ரேகை வைத்துத்தான் கணினிக்குள் நுழைய முடியும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு சாதாரண அரசாணை: கையால் எழுதிய பஹணி இனி செல்லாது. இது மட்டும் இல்லாதிருந்தால் 'பூமி'யும் குல்பர்கா வழியிலேயே போயிருக்கும்.

ஆனால் பழைய நோட்டில் இருந்த தவறுகளும் அப்படியே கணினிக்குள் வந்தன. ஏட்டில் பெயர் இல்லாமல் வாரத்துக்கு உழுதவர், கணினியிலும் இல்லாமலே போனார். பெங்களூரைச் சுற்றிப் பெரிய அளவில் நிலம் வாங்குவோருக்கே இத்திட்டம் அதிகம் உதவியது என்று பின்னாளில் சில ஆய்வாளர்கள் எழுதினார்கள்.