நூற்றிருபது ஆண்டுகள் காத்திருந்த எந்திரம்

1842-ஆம் ஆண்டு எடின்பர்க்–கிளாஸ்கோ இருப்புப்பாதையில் புகையில்லா எஞ்சின் ஒன்று ஓட்டிப் பார்க்கப்பட்டது. அபர்தீன் நகரத்து ராபர்ட் டேவிட்சன் உருவாக்கிய அதன் பெயர் ‘கால்வானி’. வேகம் மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். மனிதர் நடந்தே உடன் செல்லலாம். மின்கலங்களில் கரைந்த துத்தநாகமோ நிலக்கரியைவிடப் பன்மடங்கு விலை. நீராவியுடன் அது போட்டியிட இயலவில்லை.

ஆயினும் அதன் கொள்கை தோற்கவில்லை. மின்காந்தம் அருகிலுள்ள இரும்பைத் தன் நேரே இழுக்கும். இரும்பு வந்து சேரும் தறுவாயில் மின்னோட்டத்தை நிறுத்தி அடுத்த காந்தத்தை இயக்கினால் சுழற்சி தொடரும். சுழலும் பகுதியான ரோட்டரில் கம்பிச்சுருள் இல்லை, நிலைக்காந்தமும் இல்லை, வெறும் இரும்பு.

காந்தப்பாயத்துக்கு ஒரு பாதை காட்டும் எதிர்ப்பை ‘ரிலக்டன்ஸ்’ என 1888-இல் பெயரிட்டவர் ஆலிவர் ஹெவிசைடு. மனமின்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. தமிழில் ‘காந்தத் தடை’ எனலாம். ‘காந்தத் தயக்கம்’ என்றால் பாடநூல்களில் வேறொரு பண்பைக் குறித்துவிடும். இத்தடை மிகக் குறையும் நிலையை நாடியே ரோட்டர் திரும்புகிறது.

குறை ஸ்விட்சில் இருந்தது. உராய்ந்து தொடும் உலோக முனைகள் தீப்பொறி கக்கித் தேய்ந்தன. 1957-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தைரிஸ்டர் பிறந்த பின்னரே தேயாத ஸ்விட்ச் கிட்டியது. 1969-இல் எஸ். ஏ. நாசரின் கட்டுரையில் ‘ஸ்விட்ச்டு ரிலக்டன்ஸ்’ என்னும் பெயர் இடம்பெற்றது. 1980-இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் லாரன்சனும் உடனுழைத்தோரும் இவ்வெந்திரத்தின் வடிவமைப்பை முறைப்படுத்தினர்.

அதே எந்திரம் மின்னியற்றியாவதற்கு மின்னோட்டம் பாயும் தருணம் மாறினால் போதும். ரோட்டரின் பல்லும் ஸ்டேட்டரின் பல்லும் நேருக்கு நேர் நிற்கும் நிலையையொட்டிச் சுருளுக்கு மின்னோட்டம் ஊட்டப்படுகிறது. காந்தம் பற்றியிழுக்க, காற்றோ விசையாழியோ பல்லை வலிந்து விலக்குகிறது. ஸ்விட்சுகள் திறந்ததும் மின்னோட்டம் டையோடுகள் வழியே வெளியேறுகிறது. ஊட்டியதைவிட மீண்டது மிகுதி. அந்த மிகுதியே விளைந்த மின்னாற்றல்.

பால் உறைய உறைமோர் வேண்டுவதுபோல், முதல் ஊட்டத்துக்கு மின்கலமோ மின்னேற்றிய மின்தேக்கியோ வேண்டும். கட்டுப்பாடும் எளிதன்று. மின்னழுத்தம் உயர்ந்தால் ஊட்டம் உயரும். ஊட்டம் உயர்ந்தால் மின்னழுத்தம் மேலும் உயரும். ஆகவே ரோட்டரின் நிலையைக் கணந்தோறும் அறிந்து, ஸ்விட்ச் மூடும் கோணத்தையும் திறக்கும் கோணத்தையும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்த வேகத்தில் மின்னோட்டத்தைத் துண்டுதுண்டாக நறுக்கி வரம்புக்குள் வைப்பர். மிகுவேகத்தில் ரோட்டரின் ஒரு பல் கடப்பதற்குள் ஒரு சுருளில் ஒரு துடிப்புக்கே இடமுண்டு, கோணங்களே ஆளும்.

இரைச்சலும் அதிர்வும் இதன் குறைகள். எனினும் வெப்பம் தாங்கும் ரோட்டர், ஒரு சுருள் பழுதுபட்டாலும் ஏனையவை இயங்கும் இயல்பு ஆகியவற்றால் வானூர்திப் பொறியாளர் இதனை நாடினர். 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் தனிமங்களுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது, காந்தமே வேண்டாத எந்திரத்தின் மதிப்பு மீண்டும் துலங்கியது.

டேவிட்சனின் கருத்து பிழையன்று. அதற்குரிய ஸ்விட்ச் அவர் காலத்தில் பிறக்கவில்லை. தொழில்நுட்ப வரலாற்றில் ‘தோல்வி’ என்று எழுதப்பட்ட பக்கங்களை இக்கண்கொண்டு மறுபடி வாசிப்பது நன்று.