சீசன் என்ற சொல்

குற்றாலத்தில் அருவி விழத் தொடங்கினால் ‘சீசன் வந்துவிட்டது’ என்கிறோம். ஆங்கிலம் படிக்காத பழக்கடைக்காரரும் அப்படித்தான் சொல்கிறார். ‘சாரல்’ என்ற சொல் கைவசம் இருக்கும்போதே இது நடந்திருக்கிறது. சாரல் மலைக்கும் காற்றுக்கும் உரியது. சீசன், வந்து போகிறவனுக்கு உரியது. ஒரு ஸ்தலம் உல்லாசத் தலமாக மாறிய சரித்திரம் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் பெய்தது போக மிச்சத்தைச் செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையிலும் அருவி விழத்தான் செய்கிறது. அதை யாரும் சீசன் என்று சொன்னதில்லை, அது வெள்ளம். சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் குளித்துப் போகத் தொடங்கிய பிறகுதான் கார்த்திகைக்கும் அந்தப் பெயர் கிடைத்தது. ஆக, சீசனை நிர்ணயிப்பது தண்ணீர் இல்லை, ஆள்.

தென்காசியில் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது வேறு வழியாகவும் தெரியவந்தது. ஜூன் பிறந்தால் சில்லறை கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். க்யூஆர் அட்டை வந்தபின் அது குறைந்துவிட்டது. இப்போது சாரலை ஜன்னல் வழியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் குற்றாலத்தைப் பாடினார். அங்குள்ள குறும்பலாவையும் தனியே பாடினார். ஐந்து சபைகளில் ஒன்றான சித்திரசபை இங்கே இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் பக்கத்து மேலகரத்துக்காரரான திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி எழுதினார். மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அதற்காக அவருக்குக் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயர். அந்தக் காவியத்தில் மலையைப் பற்றிப் பேசுகிறவள் குறத்தி. தான் பிறந்து வளர்ந்த மலையைச் சொல்கிறாள். வேடிக்கை பார்க்க வந்தவளின் குரல் அதில் இல்லை. சித்தர்கள் அங்கே காயசித்தி செய்கிறார்கள். குற்றாலத்துக்குப் போனால் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கைக்கு வெள்ளைக்காரனைவிட வயது அதிகம்.

வெள்ளைக்காரன் முதலில் வந்தது குளிக்க அல்ல, வியாபாரத்துக்காக. 1796ல் டச்சுக்காரர்களிடமிருந்து மொலுக்கஸ் தீவுகளைப் பிடித்ததும், ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைத் தன் நிலத்தில் வளர்த்துவிடக் கம்பெனி ஆசைப்பட்டது. அப்படி உண்டானவை குற்றாலத்து வாசனைத் தோட்டங்கள். 1830களில் ராபர்ட் வைட் இங்கே தாவரங்கள் சேகரித்தார். பிறகு பாளையங்கோட்டை வெயில் தாங்காத உத்தியோகஸ்தர்கள் வந்தார்கள். ஊட்டி, கொடைக்கானல் போல இங்கே உயரம் கிடையாது. மலையடிவாரத்திலேயே குளிர்காற்று கிடைத்தது. பங்களாக்கள் எழும்பின. திருவிதாங்கூர் மன்னருக்கும் ஒரு மாளிகை வந்தது. 1904ல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை ரயில் ஓடியது. துரைமாருக்கு இருந்த சீசன் டிக்கெட் வாங்க முடிந்த எல்லோருக்கும் வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குற்றாலத்தில் பட்டியலிடக்கூடிய ஜனநாயகம் ஏதாவது இருக்குமென்றால் அது இதுதான்.

டி.கே.சி.யைத் தாண்டிப் போக முடியாது. கடைசிக் காலத்தில் குற்றாலத்திலேயே குடியிருந்தார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். 1954ல் அவர் மறைந்தார். 1959ல் ‘எழுத்து’ வந்தபின் வளர்ந்த விமர்சனம் அவரை வெறும் ரசனைக்காரர் என்று ஒதுக்கியது. அந்த வழியில் படித்து வந்த நானும் ஒதுக்கினேன். கம்பனில் தமக்குச் சுவைத்த பாடல்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை இடைச்செருகல் என்று தள்ளியவர் அவர். சீசனுக்கு வருகிறவனும் அதைத்தான் செய்கிறான். அவனுக்கு அருவி உண்டு, ஆறு கிடையாது.

ஆனால் இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். டி.கே.சி. அருவி வற்றிய மாதங்களிலும் அங்கே இருந்தார். நாமோ, அவரைக் கேலி செய்கிறவர்கள், ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் வருகிறோம், அடங்கினால் போய்விடுகிறோம். சிறுபத்திரிகைக்கும் சீசன் உண்டு.

அருவிக்குக் கீழே இருப்பது சிற்றாறு. தென்காசியைத் தொட்டு, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. குளிக்கிறவர்களின் எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் இதில்தான் வருகின்றன. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றைத் தடைசெய்ய வேண்டியிருந்தது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோயிற்று. நாள்காட்டியில் சீசனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மலைமேல் பெய்த மழைக்கு அது தெரியாது.

பேரருவி நேராகக் கீழே விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பிறகு வழிகிறது. அதனால்தான் மனிதத் தலை அதன் கீழ் நிற்க முடிகிறது. இப்போது பாதுகாப்பு வளைவும் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் போலீஸ் ஆட்களை வெளியேற்றுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் குற்றாலம் போய்க்கொண்டிருந்தபோது நான் தென்காசியில் சிற்றாற்றுப் பாலத்தின் மேல் நின்றிருந்தேன். கீழே ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து ஒரு நுரைத் திட்டு மிதந்து வந்தது. அவள் அதைக் கையால் ஒதுக்கிவிட்டுத் துணியை மறுபடி நனைத்தாள்.