செங்காது ஆமையின் உணவு

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் தொடங்கித் தெற்கே மெக்சிகோ வளைகுடா வரை, குளங்களிலும் சதுப்புகளிலும் மெல்ல ஓடும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் ஆமை செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் ஓடும் சிவப்புப் பட்டையால் இந்தப் பெயர் வந்தது. உயிரியல் பெயர் டிராக்கெமிஸ் ஸ்கிரிப்டா எலெகன்ஸ். கடைக்காரர்கள் ‘ஸ்லைடர்’ என்பார்கள். உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளில் அதிகம் வளரும் நீர் ஆமைகளுள் இது முன்னிலையில் இருக்கிறது. சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளுக்கும் இது புதியதல்ல. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதான பச்சைக் குஞ்சாக வீட்டுக்கு வரும் இந்த ஆமை, நன்றாக வளர்ந்தால் 25 செ.மீ. நீளத்தைத் தாண்டும், 30 ஆண்டுகள்கூட வாழும். பெண் ஆமையே உருவில் பெரியது.

குஞ்சோடு ஒரு சிறு டப்பா காய்ந்த இறாலும் பெரும்பாலும் கைக்கு வரும். ஆமைக்கு உணவு என்றால் அந்த டப்பாதான் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். காய்ந்த இறாலை ஆமை ஆசையாகத் தின்னும்; ஆனால் அதை மட்டுமே தின்று அதனால் நெடுநாள் நலமாக வாழ முடியாது. ஒரே தீனியின் விளைவு தெரிய மாதங்கள் ஆகும். தெரியும்போது ஓடு மென்மையாகியிருக்கும், அல்லது கண் வீங்கி மூடியிருக்கும்.

இயற்கையில் உண்பவை

முட்டையை விட்டு வெளிவந்த குஞ்சு முதல் சில நாள் எதையும் உண்ணாது. வயிற்றுக்குள் மிஞ்சியிருக்கும் மஞ்சள் கருவே அதற்குப் போதும். பிறகு வேட்டையாடத் தொடங்குகிறது: நீர்ப்பூச்சிகள், அவற்றின் புழுக்கள், தலைப்பிரட்டை, நத்தை, சிறு இறால் வகைகள். உடல் பெருகப் பெருக நாட்டம் செடிகளின் பக்கம் திரும்புகிறது. பாசி, வேலம்பாசி போன்ற நீர்க்கொடிகள், நீர்மேல் மிதக்கும் சிற்றிலைத் தாவரங்கள் ஆகியவை வளர்ந்த ஆமையின் உணவில் பெரும்பங்கு பிடிக்கின்றன. இந்த மாற்றத்தைக் கிளார்க், கிப்பன்ஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1969இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை விரிவாகப் பதிவு செய்தது. குஞ்சு விரைவாக வளர்ந்தால்தான் கொக்குக்கும் மீனுக்கும் இரையாகாமல் தப்பும். அதற்குப் புரதம் வேண்டும். வளர்ந்த ஆமைக்கு அந்த அவசரம் இல்லை. அதன் குடலில் வாழும் நுண்ணுயிரிகள் இலைதழைகளை மெல்ல நொதிக்கவைத்துச் சத்தைப் பிரித்தெடுக்கின்றன. அதற்காக அது சைவமாகிவிடுவதில்லை. செத்து மிதக்கும் மீன் கிடைத்தால் கிழவி ஆமையும் விடாது.

ஆமைக்குப் பல் இல்லை. கொம்புப் பொருளாலான அலகால் கடித்து, முன்கால் நகங்களால் கிழித்து விழுங்கும். நாக்கு வாயின் அடியோடு ஒட்டியிருப்பதாலும் உமிழ்நீர் போதாததாலும் இரையைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் விழுங்க முடியும். கரையில் கிடக்கும் துண்டைக் கவ்விக்கொண்டு அது தண்ணீருக்குள் ஓடுவது இதனால்தான். உலர்ந்த தட்டில் உணவு வைத்துவிட்டு, ஆமை சாப்பிடவில்லையே என்று கவலைப்படுவதில் பொருள் இல்லை.

தொட்டியில் தரவேண்டியவை

வளர்ப்பு ஆமையின் உணவு மூன்று பகுதிகளைக் கொண்டது. நல்ல தயாரிப்பிலான மிதக்கும் குச்சி அல்லது உருண்டைத் தீவனம், கீரையும் நீர்ச்செடியும், விலங்கு உணவு. குஞ்சுக்குத் தீவனமும் விலங்கு உணவும் சேர்ந்து பாதிக்கு மேல் இருக்கலாம். ஓராண்டு கடந்ததும் பச்சிலையைக் கூட்டிக்கொண்டே வந்து, முழு வளர்ச்சி அடைந்த ஆமைக்குப் பாதிக்கு மேல் இலையாகவே தரவேண்டும்.

தீவனத்தில் வைட்டமின்களும் தாது உப்புகளும் கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கும். ஆகவே அதைக் கைவிட்டு வீட்டுச் சமையலறையை மட்டும் நம்புவது சரியல்ல. டப்பா திறந்தபின் வைட்டமின்கள் மெல்லச் சிதையும். மலிவாகக் கிடைக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் வரும் பெரிய டப்பாவை வாங்காமல், சில மாதங்களில் தீரும் அளவை வாங்கி ஈரம்படாமல் வைப்பது நல்லது.

கீரையைத் தேர்வதில் தமிழ்நாட்டில் வளர்ப்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும் டான்டெலியன் இலை இங்கே கிடைப்பது அரிது. அதற்குப் பதில் எளிதாகக் கிடைக்கும் தண்டுக்கீரை, முளைக்கீரை, பாலக், பருப்புக்கீரை ஆகியவற்றில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. அது குடலில் கால்சியத்தோடு பிணைந்து உடலில் சேரவிடாமல் தடுக்கும். என்றாவது ஒரு நாள் கொடுத்தால் கேடில்லை, அன்றாடம் கொடுக்கக்கூடாது. முருங்கைக்கீரையில் கால்சியம் பாஸ்பரஸைவிடப் பல மடங்கு, கரோட்டினும் நிறைய. அதைச் செம்பருத்தி இலை, மல்பெரி இலை, கொத்தமல்லி என்று மாற்றி மாற்றித் தரலாம். மாட்டுத் தீவனத்துக்காக விவசாயிகள் தொட்டியில் வளர்க்கும் அசோலா, ஆமைக்கும் நல்ல பச்சைத் தீனி. மொட்டை மாடியில் ஒரு தொட்டி அசோலா போட்டால் ஆமைக்குத் தட்டாமல் கிடைக்கும். கேரட்டும் பரங்கிக்காயும் மெலிதாகச் சீவிப் போடலாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலை ஆகியவற்றில் தைராய்டு சுரப்பியைப் பாதிக்கும் பொருள்கள் இருப்பதால் எப்போதாவது மட்டும். வெள்ளரியும் ஐஸ்பெர்க் லெட்யூஸும் தண்ணீரே தவிர வேறில்லை. சந்தைக் கீரையில் பூச்சிமருந்து படிந்திருக்கும் என்பதால் நன்றாக ஊறவைத்துக் கழுவியே போடவேண்டும்.

இறைச்சிச் சுவையில் வளர்ந்த ஆமை முதலில் இலையைத் திரும்பிப் பார்க்காது. இங்கே வளர்ப்பவர் மனம் இளகிவிடக்கூடாது. நலமாக இருக்கும் பெரிய ஆமை சில நாள் பட்டினியைத் தாங்கும். தொட்டியில் இலையை மட்டும் கட்டிவிட்டுக் காத்திருந்தால் மெல்லக் கடிக்கத் தொடங்கும். இந்த ஆமைகளின் நிறப்பார்வை கூர்மையானது என்பதால், இலைக்கு நடுவே கேரட் சீவல் தெரியும்படி வைப்பதும் பலன் தரும்.

விலங்கு உணவில் மண்புழு சிறந்தது, உரமும் மருந்தும் படாத மண்ணிலிருந்து எடுத்ததாக இருந்தால். முள்ளோடு விழுங்கக்கூடிய சிறு கப்பி மீன், ஓட்டோடு உள்ள சிறு இறால், நத்தை ஆகியவையும் நல்லவை. எலும்பும் ஓடும் சேர்ந்து போவதால் கால்சியமும் போகிறது. தங்கமீனை மட்டும் இரையாகப் போட்டுக்கொண்டே இருக்கக்கூடாது. அதன் உடலிலுள்ள தயமினேஸ் என்னும் நொதி வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். தொடர்ந்து உண்ட ஆமைக்கு நரம்புத் தளர்ச்சி வரும்.

சுண்ணாம்புச் சத்தும் வெயிலும்

ஆமையின் ஓடு எலும்பு. முதுகெலும்பும் விலாவும் விரிந்து இணைந்தே அது உருவாகிறது. ஆகவே கால்சியம் குறைந்தால் முதலில் வீட்டையே இழப்பது போன்ற நிலை அதற்கு. உணவில் பாஸ்பரஸ் ஒரு பங்கு என்றால் கால்சியம் இரண்டு பங்கு இருப்பதே விரும்பத்தக்கது. கோழியின் சதையில் கணக்குத் தலைகீழ். அங்கே பாஸ்பரஸ், கால்சியத்தைப்போல 15 மடங்குக்கும் மேல். எலும்பில்லாத கோழித்துண்டையே தின்று வளரும் குஞ்சின் உடல், இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பதற்காகத் தன் எலும்பிலிருந்தே அதை உருவிக்கொள்கிறது. ஓடு விரலால் அழுத்தினால் அமுங்கும், ஓரம் மேல்நோக்கி வளையும், கால்கள் தள்ளாடும்.

கால்சியம் உணவில் இருந்தால் மட்டும் போதாது. அதைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். அது தோலில் உண்டாக, 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் படவேண்டும். சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் வெயிலில் வைத்த தொட்டியில் கதிர் கிடைக்காது. தண்ணீர் மட்டும் கொதிக்கும், ஆமை இறக்கும். காலை வெயிலில், பாதி நிழலாக, மேலே வலை போட்ட அகன்ற தொட்டியில் அரைமணி நேரம் விடுவதே சரியான வழி. வலை எதற்கு என்றால், குஞ்சைக் காக்கை தூக்கிவிடும். மாடி இல்லாத வீடுகளில் இதற்கென விற்கும் புற ஊதா விளக்கைப் பயன்படுத்தலாம்; வெளிச்சம் குறையாவிட்டாலும் அதன் கதிர் குறைந்துபோகும் என்பதால் தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில் மாற்றவேண்டும்.

கால்சியத்துக்கு மலிவான, மிக நல்ல பொருள் கணவாய் ஓடு. நாட்டு மருந்துக் கடையில் ‘கடல்நுரை’ என்று கேட்டால் கொடுப்பார்கள். கழுவி, பின்பக்கக் கடினத் தகட்டை நீக்கிவிட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டால் வேண்டும்போது ஆமை கடித்துக்கொள்ளும். அலகும் அளவாகத் தேயும்.

ஓட்டின் மேல்தகடுகள் கண்ணாடித்தாள்போல மெலிதாக உரிவதைக் கண்டு சிலர் கால்சியக் குறை என்று அஞ்சுகிறார்கள். வளரும் செங்காது ஆமைக்கு அது இயல்பு.

வீங்கிய கண்கள்

கண் மூடிய ஆமையைக் கொண்டுவந்து, தொற்று என்று சொல்லிச் சொட்டுமருந்து கேட்பது கால்நடை மருத்துவமனைகளில் வழக்கமான காட்சி. பல சமயம் காரணம் தொற்றல்ல, வைட்டமின் ஏ பற்றாக்குறை. அந்த வைட்டமின் குறையும்போது கண்ணருகே உள்ள சுரப்பிகளின் உட்படலம் தடித்து, கழிவு தேங்கி, இமை வீங்குகிறது. செங்காது ஆமை இரையைக் கண்ணால் தேடுவது. கண் மூடினால் உண்ணாது; உண்ணாததால் குறை இன்னும் கூடும். காதின் உள்ளே கட்டி தோன்றி, தலையின் பக்கவாட்டில் கொட்டைபோலப் புடைப்பதும் இதே குறையோடு தொடர்புடையது. காய்ந்த இறாலும் சதையும் மட்டும் உண்டு வளர்ந்தவற்றிலேயே இது அதிகம். தொடக்க நிலையில் உணவை மாற்றினாலே தேறும். வைட்டமின் ஏ ஊசியைத் தாமாகப் போட முனைவது ஆபத்து. அளவு மிஞ்சினால் தோல் உரிந்து புண்ணாகும். அதை ஊர்வனவற்றில் பழக்கமுள்ள மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும்.

எவ்வளவு, எப்போது

குஞ்சுக்கு நாள்தோறும், ஓராண்டுக்குப் பின் ஒருநாள் விட்டு ஒருநாள், வளர்ந்ததற்குத் தீவனமும் இறைச்சியும் வாரம் இரண்டு மூன்று முறை போதும், இலை மட்டும் எப்போதும் இருக்கலாம். ஆமையின் தலை ஒரு வெற்றுக் கிண்ணம் என்று வைத்துக்கொண்டால் அதில் கொள்ளும் அளவு தீவனம் ஒரு வேளைக்குச் சரி.

வளர்ப்பவரைக் கண்டதும் ஆமை கண்ணாடியில் மோதிக் கால்களை அடிப்பது பசியால் என்று எண்ணிக் கூடுதலாகக் கொடுத்துவிடுவார்கள். ஆளைக் கண்டால் உணவு வரும் என்று அது கற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. இப்படி ஊட்டிய ஆமையின் காலிடுக்கில் கொழுப்பு பிதுங்கும், தலையை முழுதாக உள்ளிழுக்க முடியாது, கல்லீரலில் கொழுப்பு படியும். புரதம் மிகுந்து வளர்ச்சி விரைந்தால் ஓடும் கோணலாகும்.

உண்டது செரிக்க உடல் சூடு வேண்டும், அந்தச் சூட்டை ஆமை வெளியிலிருந்தே பெறுகிறது. தண்ணீர் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டும், ஏறிக் காய்வதற்கு ஒரு கல்லும் அங்கே 30 டிகிரிக்கு மேல் சூடும் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளிலும், இரவெல்லாம் ஏசி ஓடும் அறைகளிலும் தொட்டிக்குச் சூடேற்றி தேவைப்படும். குளிர்ந்த உடலில் உணவு செரிக்காமல் கிடந்து அழுகும். தொட்டியில் மிஞ்சும் துணுக்குகளும் அழுகி அம்மோனியாவாகும். தனி வாளியில் ஊட்டிவிட்டுத் தொட்டிக்கு மாற்றினால் தண்ணீர் கெடாது.

பாலும் தயிரும் கூடாது; ஆமைக்குப் பால் சர்க்கரை செரிக்காது. சோறு, இட்லி, ரொட்டி, பிஸ்கட் வயிற்றை அடைக்கும், சத்து தராது. கருவாட்டின் உப்பு சிறுநீரகத்துக்குக் கேடு. வெங்காயம், பூண்டு, அவகேடோ வேண்டாம்.

உண்ண மறுப்பது நோயாகவே இருக்கவேண்டியதில்லை. புதிய இடம், குளிர்ந்த நீர், முட்டையிடும் காலம் ஆகியவையும் காரணமாகலாம். ஆனால் ஒருபக்கம் சாய்ந்து மிதந்தாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ அது நுரையீரல் தொற்றாக இருக்கக்கூடும். காத்திருக்கக்கூடாது.

குஞ்சு வணிகமும் தப்பியவையும்

1950களிலும் 60களிலும் அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் பிளாஸ்டிக் கிண்ணமும் பொய்த் தென்னையுமாகச் செங்காதுக் குஞ்சுகள் விற்கப்பட்டன. காய்ந்த பூச்சியும் லெட்யூஸும் தின்ற பெரும்பாலானவை வளரவே இல்லை. அவற்றிலிருந்து குழந்தைகளுக்கு சால்மொனெல்லா பரவியதால் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளின் விற்பனையை 1975இல் அந்நாட்டு அரசு தடை செய்தது. இன்றும் ஊட்டும் வாளியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கையாளவும் கூடாது.

நன்றாக ஊட்டி வளர்த்த ஆமை தொட்டிக்கு அடங்காமல் போகும்போது சிலர் அதைக் கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடுகிறார்கள். இலை, நத்தை, மீன்குஞ்சு, தலைப்பிரட்டை என எதையும் உண்டு வாழும் அதன் திறன் அங்கே மற்ற உயிர்களுக்குக் கேடாகிறது. இந்தியச் சட்டம் பாதுகாக்கும் பால் ஆமை போன்ற உள்நாட்டு இனங்களின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் இது பிடித்துக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே இதன் இறக்குமதியை நிறுத்தியது. கேரளத்தில் 2018இல் திருச்சூரின் காளத்தோடு பகுதிக் கால்வாயில் இது கண்டறியப்பட்டது. வளர்க்க முடியாதவர்கள் நீர்நிலையில் விடாமல் தங்களிடம் ஒப்படைக்குமாறு கேட்டு, கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஆமைகளைப் பெற்றுவருகிறது.